ஒன்றாம் நம்பர் கோல்

தூண்டில் கோலை என் கையில் திணித்துவிட்டு என் கணவர் இரண்டடி தள்ளிப் போய், ரப்பர் காலணிகள் அடுக்கியிருந்த பக்கமாகப் பார்த்தபடி நின்றுகொண்டார். தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். கடைக்காரர் ஓபாதா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஆக, தூண்டில் பழகணும்னு அம்மாவுக்குத்தான் ஆசை?" என்று கேட்டார். எனக்கு அறுபது வயது. பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கூடத்தில், தினமும் எண்ணூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் கிண்டுகிறேன். மீன் என்றால் உப்புத் தடவிச் சுட்டுத் தட்டில் வந்தால்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் "ஆமாங்க, ரொம்ப நாள் ஆசை" என்றேன். என் கணவரின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. நன்றாகச் சிவக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த நாடகம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் நாகோஷி மொரியோ, சூவா ஏரிக்கரையில் கடிகாரத்துக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விருந்தில் ஓய்வு பெறுகிற மூன்று பேரையும் எழுப்பி, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சோபா நூடுல்ஸ் பிசையக் கற்றுக்கொள்வாராம். இன்னொருவர் ஷிக்கோகு தீவின் எண்பத்தெட்டு கோவில்களையும் நடந்தே சுற்றுவாராம். மூன்றாவது என் வீட்டு ராஜா. இவருக்கு ஒரு பொழுதுபோக்கும் கிடையாது. பேப்பரை இரங்கல் செய்திவரை படிப்பார், காலணிக்குப் பாலிஷ் போடுவார், தூங்குவார். அதையே சொல்லியிருக்கலாம், யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் முந்தின வாரம் முடி வெட்டப் போன இடத்தில் ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்திருக்கிறார். மலை ஓடையில் முழங்கால் தண்ணீரில் ஒருவன், கையில் புல் மாதிரி ஒரு கோல். அந்தப் படம் மண்டைக்குள் இருந்தது போல. "சின்ன ஓடைகள்ல ஃபிளை தூண்டில் போடறது எனக்கு நெடுநாள் பழக்கம். இனிமே அதுக்கு நேரம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார். புதிதாய் ஆரம்பிக்கப் போகிறேன் என்றுகூட இல்லை, நெடுநாள் பழக்கமாம்!

கொக்கியில் இறகையும் ரோமத்தையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டிய இரைக்கு ஃபிளை என்று பெயர் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். அவருக்கும் அப்புறம்தான் தெரியும். ஆனால் அந்த விருந்துக் கூடத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்பு வரை தொழிற்சாலையின் மேனேஜராக இருந்த ஹிராய்வா, தலைமை விருந்தினராக வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷமாக மலை ஓடைகளில் ஏறி இறங்கியவர். கோப்பையோடு எழுந்து வந்து இவர் முதுகில் ஒரு அறை. "அடப்பாவி நாகோஷி, இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்துக்கிட்டு வாயைத் திறக்கலையே! ஜூன் முதல் ஞாயிறு. நீயும் நானும்." இவர் தலையை ஆட்டியிருக்கிறார். தொழிற்சாலையில் பாதியை தெற்கே கியூஷூ தீவுக்கு மாற்றியபோது, படுக்கையில் கிடந்த என் மாமியாரை உத்தேசித்து, மாற்றல் பட்டியலிலிருந்து இவர் பெயரை அடித்தவர் ஹிராய்வா. அந்த மனிதர் சந்தோஷப்படும்போது அதைக் கலைக்க இவரால் முடியாது. பெரியவர் முகம் சுருங்குவதைவிட ஆற்றில் விழுவது மேல் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

விஷயம் எனக்குத் தெரிந்தது ஹிராய்வாவின் தபால் அட்டை வந்த அன்றுதான். "உன் கோலை நானும், என் கோலை நீயும் மாற்றிப் பிடித்துப் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார். என்னங்க இது என்று கேட்டதற்கு, இவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினார். எங்கள் வட்டாரத்தில் இந்தச் சாமான் விற்பது ஓபாதா கடை ஒன்றுதான். ஹிராய்வாவும் அங்கேதான் வாங்குவார். அங்கே போய் எனக்கு ஒன்றும் தெரியாது என்று இவர் எப்படிச் சொல்வார்? அதனால் தெரியாதவள் நானாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. வேலியில் போகிற ஓணானை எடுத்து இவர் என் மடியில் விட்ட கதை இதுதான்.

ஓபாதா நல்ல மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டார். "சின்ன ஓடை, சின்ன மீன், அதனால இருக்கறதுலயே மெல்லிசான, குட்டையான கோல்னு எல்லாரும் வந்து நிப்பாங்க. அங்கதாம்மா முதல் வழுக்கல்" என்று ஆரம்பித்தார். "நம்பர்ங்கறது நூலோட எடை. ஒன்னாம் நம்பர்னா பஞ்சு. தூண்டில்ல நாம பூச்சியை வீசறதில்லை, நூலைத்தான் வீசறோம். நூல்ல கனம் இருந்தாத்தான் கோல் வளையும். வளைஞ்சாத்தான் தள்ளும். கனமே இல்லாத நூலை வெச்சுக்கிட்டு கோலை வளைக்கணும்னா அது கைப்பழக்கம் இருக்கறவங்க வேலை. கொஞ்சம் எதிர்க்காத்து அடிச்சாலும் மூஞ்சிலயே திரும்பி விழும். உங்களுக்கு மூணாம் நம்பர். கண்ணாடி இழையில செஞ்சது, மெதுவா வளையும், அவசரப்படுத்தாது."

"நீளம்?" என்று காலணிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏழரை அடி" என்று ஓபாதா என்னிடமே சொன்னார். "மேல மரம் கவிஞ்சிருக்குமேன்னு ஆறடி வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் நூலைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிக்க எட்டாது. ஓட்டம் நூலை இழுக்கும், நூல் பூச்சியை இழுக்கும், மீன் பார்த்துட்டுச் சிரிக்கும்."

கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய், கொக்கி இல்லாமல் ஒரு துண்டுக் கம்பளி நூலை மட்டும் முனையில் கட்டி வீசச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் தடவை நூல் என் தொப்பி மேல் குவிந்தது. இரண்டாவது தடவையும் அதே. "பின்னாடி போன நூல் முழுசா நீளறவரைக்கும் பொறுங்கம்மா. அவசரம் என்ன?" என்றார். சூப் அண்டாவில் பெரிய அகப்பையைத் திருப்புகிறபோது, குழம்பு சுற்றி வருகிறவரை ஒரு நொடி கையை நிறுத்துவோம். அந்த நினைப்பில் நிறுத்தினேன். நூல் எனக்கு முன்னால் நேராகப் போய், சிமெண்டுத் தரையில் சத்தமில்லாமல் படுத்தது. "இவங்களுக்கு வரும்!" என்று ஓபாதா கைதட்டினார். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பத்துத் தடவை வீசினேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கோல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னாம் நம்பரை யார்தான் வாங்குவாங்க?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"முப்பது நாப்பது வருஷம் போட்டு, மூணாம் நம்பர் அலுத்துப் போனவங்க வாங்குவாங்க" என்றார் ஓபாதா. "நம்ம ஹிராய்வா சார் மாதிரி."

என் கணவர் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு இன்னும் ஓரடி கிட்டே போனார். யோசித்துச் சொல்கிறோம் என்று மூன்றாம் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜை எனக்குச் சொந்தமில்லை. கோல் விவரப் புத்தகங்கள், அடிக்கோல், தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் குறிப்புகள். ஆறடியா, ஆறரையா. மூன்று துண்டாகக் கழற்றுவதா, நான்கு துண்டா. கார்பனா, கண்ணாடி இழையா. நான் சாதத்தைக் கொண்டுவந்து வைத்தால் "பிடி கார்க்கு மெல்லிசா இருந்தா நல்லதாம்" என்பார். எங்கள் கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோதுகூட இந்த மனிதர் இவ்வளவு யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கடைசியில் ஒரு நாள் தபாலில் நீளமான அட்டைக் குழாய் ஒன்று வந்தது. யாரோ உபயோகித்து விற்ற ஒன்றாம் நம்பர், ஆறடி. கைப்பிடிக் கார்க் யாருடைய வியர்வையிலோ கறுத்துப் போயிருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்து, "இருபது வருஷம் கைல இருந்த மாதிரி இருக்குல்ல?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "மூணாம் நம்பர், ஏழரை அடின்னு அந்த மனுஷன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே, காதுல விழலையா?"

"அது ஆரம்பிக்கறவங்களுக்கு."

"அப்ப நீங்க யாராம்?"

கைப்பிடிக் கார்க்கைத் தடவியபடி, "மேனேஜர் கைல ஒன்னு இருக்கும்போது, நான் எப்படி மூணை எடுத்துக்கிட்டுப் போய் நிக்கறது?" என்றார். சிறிய குரலில்தான் சொன்னார். பரிதாபப்பட்டிருக்கலாம். நான் படவில்லை. துணி காயப்போடும் இடத்தில் இரண்டு நாள் வீசிப் பழகினார். நூல் ஒரு தடவை என் மேலங்கியைப் பிடித்தது, மற்ற நேரமெல்லாம் அவரையே சுற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டம்மாள் ஜன்னலைத் திறந்ததும் உள்ளே ஓடி வந்துவிட்டார். அத்தோடு சரி, பயிற்சி முடிந்தது.

இதெல்லாம் எரிச்சல்தான், பயம் இல்லை. பயம் வந்தது மே மாதம் இருபதாம் தேதி வாக்கில், ஹிராய்வாவின் மனைவி ஹிராய்வா அம்மாள் எனக்குத் தொலைபேசியில் பேசியபோது. "உங்க வீட்டுக்காரர் கூட இருக்கார்ங்கற ஒரே தைரியத்துலதான் இவரை அனுப்பறேன் நாகோஷி அம்மா" என்று ஆரம்பித்தார். போன அக்டோபரில் ஹிராய்வாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் கட்டளை. தண்ணீரில் இறங்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்ல, ஹிராய்வா சாப்பிடாமல் முரண்டு பிடிக்க, ஆற்றில் நன்றாகப் பழகின ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் அரை நாள் போகலாம் என்று கடைசியில் இறங்கி வந்தாராம் டாக்டர். "கூடப் போய்க்கிட்டிருந்த ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. நல்லவேளை, விருந்துல உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து இவர் ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாரு."

"அம்மா, எங்க வீட்டுக்காரருக்கு ஒன்னுமே தெரியாதும்மா" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரரும் நாப்பது வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு."

"நிஜமாத்தாம்மா. அவருக்குத் தண்ணியில நிக்கக்கூடத் தெரியாது."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க தமாஷே தமாஷ்!" மறுநாளே அவரிடமிருந்து நாகசாகி கேக் ஒரு பெட்டி வந்தது, வெறும் வாய்க்கு வைத்துக்கொள்ள என்று ஒரு சீட்டோடு. திறந்து பார்த்தால் பன்னிரண்டு பேர் சாப்பிடலாம்.

அந்த அம்மாளைக் குறை சொல்லி என்ன பயன்? என் சமையல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், வாயில் வைக்க விளங்காது என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன். முப்பது வருஷமாக அந்த அம்மாள் என் முள்ளங்கி ஊறுகாயைப் புகழும்போதெல்லாம், ஏதோ அழுகிப் போகுமே என்று உப்பில் போட்டேன் என்றே சொல்லி வந்திருக்கிறேன். அந்தச் சொல்லையெல்லாம் தள்ளிவிட்டு ஊறுகாயை வாங்கிப் போனவர், இந்தச் சொல்லை மட்டும் எப்படி நம்புவார்? எங்கள் ஊரில் ஒன்றும் தெரியாதவனும் எல்லாம் தெரிந்தவனும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். இத்தனை காலம் அது எனக்கு உறைத்ததே இல்லை.

கேக் பெட்டியை இவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆபரேஷன் விஷயம் இவருக்கும் புதிது. "இன்னிக்கே கடிதம் எழுதுங்க" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். வாங்கிப் படித்தேன். *இளவேனில் கழிந்து பசுமை அடர்ந்துவரும் இந்நாளில் தங்கள் நலம் அறிய அவா. என் திறமை மிகமிகக் குறைவு என்பதால் தங்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என அஞ்சுகிறேன்.*

"இது என்ன எழுத்து? இதை யாரு நம்புவாங்க? 'எனக்குத் தெரியாது, பொய் சொன்னேன்'னு நாலு வார்த்தை எழுதுங்க!"

"மேனேஜருக்கு அப்படி எழுத முடியாது, தொமோயே."

"அவர் ஆத்துல விழுந்தா, அவங்க வீட்டம்மாவுக்கு எப்படி எழுதுவீங்க?"

அதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடிதம் அப்படியேதான் போயிற்று. மூன்றாம் நாள் பதில் அட்டை வந்தது. *விளைந்த நெற்கதிர்தான் தலை குனியும். உன் கடிதத்தைப் பார்த்ததும் நீ பெரிய கை என்று தெரிந்துகொண்டேன்.* அதைப் படித்துவிட்டு என் கணவர் மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சொல்ல மிச்சம் இருந்தது ஒரே வார்த்தைதான். என் கணவர் பொய்யர் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். கட்டினவனை அவன் மேலதிகாரி முன்னால் அப்படிச் சொல்கிறவள் எங்கள் பக்கத்தில் இல்லை. சொன்னால் முப்பத்தெட்டு வருஷமாக இவர் காப்பாற்றி வைத்திருந்த மானம் என் கையால் போகும். வேண்டாம், நானும் கூடப் போகிறேன், நிலைமையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஜூன் முதல் ஞாயிறு, காலை எட்டு மணிக்கு மலையடிவாரப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். வழியில் என் கணவர் தோஃபு கடையில் மீனவர் சங்கத்தின் ஒருநாள் அனுமதிச் சீட்டை வாங்கி, சட்டையில் குத்திக்கொண்டிருந்தார். புதுக் காலணி நடக்கும்போது கீச்சிட்டது. ஹிராய்வாவை அவர் மனைவி தங்கள் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். ஹிராய்வா கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எருது மாதிரி இருந்த மனிதர். இப்போது சட்டைக் கழுத்துப்பட்டிக்குள் ஒரு கையே போகும். ஆனால் முகம் மட்டும் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பையன் முகம்.

என் கணவர் கோலைப் பிரித்து மாட்டினார். நான்கு துண்டும் கச்சிதமாகச் சேர்ந்தன. வளையங்கள் ஒரே நேர்கோட்டில் நின்றன. நூலைக் கோத்து, பூச்சியைக் கட்டி, மிச்ச நுனியைக் கத்தரித்தார். கடிகாரப் பாகங்களோடு வாழ்ந்த விரல்கள், படம் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டன. பேசுகிற வாய்தான் பொய் சொல்கிறது என்றால் அந்தக் கைகளும் சேர்ந்துகொண்டனவே என்று எனக்குப் பற்றி எரிந்தது. ஹிராய்வா கைப்பிடியைப் பார்த்துக் கூவினார்: "ஒன்னாம் நம்பர்! பாத்தியா, நான் சொல்லலை? இவன் சாதாரண ஆள் இல்லைன்னு!" அவர் மனைவி பெருமூச்சு விட்டு, என் கணவர் முன்னால் இடுப்பை மடித்து வணங்கினார். "உங்களை நம்பித்தான்" என்றார்.

"மேல ரெண்டாவது தடுப்பணைக்குப் போவோம்" என்றார் ஹிராய்வா. "ஒரு மணி நேர நடை. நடுவுல ரெண்டு இடத்துல ஆத்தைக் குறுக்கே கடக்கணும். பாறை வழுக்கும், ஆனா இவன் இருக்கானே. மேல இவானா மீன் ஒவ்வொன்னும் இந்த நீளம்." கையை விரித்துக் காட்டினார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர், இப்போது இன்னொருவர் காலையும் சேர்த்து விடப் போகிறார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஹிராய்வா சார், இவர் உங்ககிட்ட பொய் சொன்னார்" என்றேன். என் குரல் பாலம்வரை கேட்டிருக்கும். "அடக்கத்துக்குச் சொல்லலை. இவர் ஜென்மத்துல ஆத்துல இறங்கினதில்லை. இந்தக் கோலை ஏப்ரல்ல யாரோ வித்ததை வாங்கினார். இவரை நம்பி நீங்க போனா, ரெண்டு பேரும் திரும்பி வரமாட்டீங்க."

ஹிராய்வா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஹிராய்வா என் கணவரைப் பார்த்தார். இவர் குனிந்து வணங்கி மன்னிப்பு வாக்கியம் ஒன்றை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். குனியவில்லை. கையைத் தொங்கப்போட்டு, நிமிர்ந்து நின்று, "நிஜம்தான். பொய் சொன்னேன்" என்றார்.

"எதுக்குடா?"

"சொல்லிக்க ஒன்னும் இல்லை. மத்தவங்க எல்லாம் ஏதோ சொன்னாங்க."

ஹிராய்வா ஓரடி முன்னால் வந்தார். "அப்ப அந்த கோல்ஃப்? பதினஞ்சு வருஷம் என்கூட ஆடினியே?"

"பிடிக்காது மேனேஜர்."

"வருஷா வருஷம் நானே கையால போட்டுத் தருவேனே, கணவாய் மீன் உப்பூறுகாய்? உசுருன்னு சொன்னியே?"

"அது... இவதான் சாப்பிட்டா."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஹிராய்வா தன் வண்டியின் பின்பக்க விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டு, யாரையும் கேட்காத மாதிரி, "அப்ப நான் யாரோட போறது?" என்றார்.

அவருடைய மனைவி முதுகைத் திருப்பிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கே புரியவில்லை. ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன், ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுக்கும் காரணமான என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

என் கணவர் மூன்று வாரம் தேடித் தேடி வாங்கிய கோலை எங்கள் வண்டியின் கூரைமேல் வைத்தார். உருண்டு விழுமே என்ற கவனம்கூட இல்லை. ஹிராய்வாவின் முன்னால் போய் நின்றார். "மேனேஜர், தடுப்பணை வேண்டாம்" என்றார். "இங்கேயே, பாலத்துக்குக் கீழ. முழங்கால் தண்ணிதான். எனக்குத் தூண்டில் போடத் தெரியாது. உங்க பக்கத்துல நிக்கத் தெரியும்."

இந்த மனிதர் அவரிடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹிராய்வாவும் அப்போதுதான் கேட்டிருப்பார் போல. தலையைத் தூக்கி இவரையே பார்த்தார்.

"பாலத்துக்குக் கீழ மீனே கிடையாது, முட்டாளே."

"இல்லைன்னா இல்லை."

"அரை மணி நேரம்" என்றார் ஹிராய்வா அம்மாள், திரும்பாமலே. "என் கண்ணு எட்டற இடத்துல."

இருவரும் கரைக் கல்லில் இறங்கினார்கள். ஹிராய்வாவின் கையில் அவருடைய கோல். என் கணவர் கையில் ஒன்றுமில்லை. தண்ணீர் பட்டதும் ஐயோ என்று சிறு பிள்ளை மாதிரி கத்தினார். ஹிராய்வா அதட்டினார். எனக்குக் கேட்கவில்லை, ஓடைச் சத்தம் அப்படி. பிறகு பெரியவர் கையைத் தூக்கினார். அந்தப் பஞ்சு நூல் அவருக்குப் பின்னால் முழுசாக நீளுகிறவரை பொறுத்து அவர் வீச, அது முன்னால் போய், பாலத்து நிழலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற ஹிராய்வா அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். நூல் போவதை நான் பார்த்தேன், அவர் பார்த்தார், பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திய ஒருவர்கூடப் பார்த்தார். என் கணவர் மட்டும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் கொஞ்சம் விரித்து, முழங்காலை மடித்து, ஓட்டம் போகிற பக்கமாக ஓரடி கீழே நின்றுகொண்டு, தண்ணீருக்குள் பெரியவரின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹிராய்வாவின் இடது பாதம் ஒரு கல்லைத் தடவித் தேடியது. கிடைத்தது. எடை அதன்மேல் மாறியது. அதற்குப் பின்னால், இன்னொரு கல்லைத் தேடி என் கணவரின் புதுக் காலணி நகர்ந்தது.